டீச்சர் என்றால் டீச்சர்தான்

செப்டம்பர் 5 வந்தால் மேடையில் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: “தொடக்கப் பள்ளி ஆசிரியை என்பவள் இன்னொரு தாய்.” கைதட்டல் எழும். கீழே உட்கார்ந்திருக்கும் ஆசிரியைகளும் கைதட்டுவார்கள். 2004 முதல் 2014 வரை பத்து ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்த எனக்கு மட்டும் அந்த இடத்தில் கை எழும்பாது.

தாய்க்குச் சம்பளம் கிடையாது. விடுப்பு கிடையாது. வேலை நேரம் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று கிடையாது. களைத்துப்போனாலும் சிரிக்க வேண்டும், கோபப்பட்டால் கெட்ட தாய். ஓர் உத்தியோகத்துக்குத் தாய் என்று பெயர் சூட்டினால் இந்த நிபந்தனைகளும் பின்னாலேயே வந்து சேர்கின்றன. இப்போது நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். இங்கே என்னை யாரும் தாய் என்று சொல்வதில்லை. மேடம் என்கிறார்கள், முனைவர் என்று அழைப்பிதழில் போடுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவளுக்கு மட்டும்தான் இந்தத் தாய்ப் பட்டம்.

கனிவும் நம்பிக்கையும் பெண்ணின் ரத்தத்திலேயே ஊறியவை என்று சொல்லப்படுகிற இடத்தில், அவற்றை நான் தொழிலாகக் கற்றுக்கொண்டேன். எப்படிக் கற்றேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வடகரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. தென்காசியில் பஸ் ஏறினால் ஊர் நெருங்க நெருங்க மலை பெரிதாகிக்கொண்டே வரும். ஒரு பக்கம் பண்பொழி, அங்கே குன்றின் மேல் திருமலைக் கோயில். இன்னொரு பக்கம் மேக்கரை, அடவிநயினார் அணை. வயலும் தென்னையும் மாந்தோப்பும் நிறைந்த ஊர்ப்புறம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் என்று வெளியூர்க்காரர்கள் குளிக்க வருவார்கள். அதே சாரலில் எங்கள் பிள்ளைகள் நனைந்த சட்டையோடு வகுப்பில் நடுங்குவார்கள். மலையிலிருந்து யானை இறங்கித் தோப்புக்குள் புகுந்த மறுநாள் வருகைப் பதிவேட்டில் பாதி பேர் இருக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க வீடே விழித்திருக்கும். ஆண்களில் பலர் வளைகுடாவிலோ கேரளத்திலோ வேலை பார்த்தார்கள். பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றினார்கள். அந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில்தான் 2004-இல் சேர்ந்தேன். அப்போது தொகுப்பூதியம். மாதம் 3,000 ரூபாய். 2006 ஜூன் முதல்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் காலமுறை ஊதியம் வந்தது.

இரண்டு அறை, ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியைகள். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்றார்கள். நான் ‘சின்ன டீச்சர்’. சேர்ந்த முதல் வாரம், பிள்ளைகள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “பிரியம் இருக்கட்டும் டீச்சர். மொதல்ல பாருங்க.”

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒரு நோட்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு விதி: குணம் சொல்லும் சொல் எதுவும் வரக் கூடாது. “மந்தம்னு எழுதாதீங்க. சேட்டைனு எழுதாதீங்க. நல்ல பிள்ளைன்னும் எழுத வேண்டாம். என்ன செஞ்சான், எப்ப செஞ்சான், அத மட்டும் எழுதுங்க.” கவிதை எழுதுகிறவள் என்ற நினைப்போடு அந்தப் பள்ளிக்குப் போனவள் நான். ஒரு பெயரடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாக்கியம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அந்த நாற்பது பக்க நோட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் அம்மா’ சொல்ல மாட்டான். அவனுக்கு ஊரே மண்டு என்று பெயர் வைத்திருந்தது. ஐந்து வாரத்து வரிகளைச் சேர்த்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. சுவரை ஒட்டி, வலது காது சுவர்ப்பக்கம் இருக்கும்படியே உட்காருகிறான். முன்னால் நின்று பேசினால் பதில் சொல்கிறான். பலகையைப் பார்த்துக்கொண்டு நான் பேசினால் பேசாமல் இருக்கிறான். வலது காதில் சீழ். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவனுடைய ஆச்சியோடு போய் வந்தோம். அவனுக்கு நான் செய்த பெரிய கனிவு அன்பாகப் பேசியது இல்லை, அவன் எங்கே உட்காருகிறான் என்று எழுதி வைத்ததுதான்.

செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுக்க எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் வந்தபோது, இந்தப் பார்வைக்கு ஓர் உயரம் கிடைத்தது. பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தோம். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம். அந்த முறையில் குறைகளும் இருந்தன. அட்டை எடுப்பதிலும் அடுக்குவதிலுமே பொழுது போகிறது என்று பலர் புலம்பினோம். ஆனாலும் நாற்காலியிலிருந்து பார்க்கும்போது தெரியாத பலவும் பாயில் உட்கார்ந்தால் தெரிந்தன. யாருடைய காலில் புண், யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், யார் அட்டையைப் படிக்காமல் பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதெல்லாம்.

குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா என்று ஒருவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியரானவர். 1920-இல் பாவ்நகரில் பாலமந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் வந்திருக்கிறது, கல்வியியல் படிக்கும் மாணவிகள் பலரும் பார்த்திருப்பீர்கள். அவரை ஊர் என்ன சொல்லிக் கொண்டாடியது தெரியுமா? மீசை வைத்த அம்மா என்று. அன்போடு வைத்த பெயர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண் குழந்தைகளிடம் பொறுமையாக இருந்தால் அது வியப்பு. அதற்கு ஒரு பெயர் வேண்டும், வரலாற்றில் ஓர் இடம் வேண்டும். அதையே ஒரு பெண் செய்தால் அதில் என்ன இருக்கிறது, பெண் என்றால் அப்படித்தானே! அவருக்குச் சாதனையானது எங்களுக்குச் சுபாவம். சுபாவத்துக்கு யாரும் பயிற்சி தர மாட்டார்கள், சம்பளமும் தர மாட்டார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து ஒரு நூல் எழுதினார். சிரித்த முகமும் தணிந்த குரலும் அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி, அது உழைப்பு என்று காட்டினார். உணர்வு உழைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதைப் படித்தபோது எனக்கு விமானம் நினைவுக்கு வரவில்லை. மழைநாளில் அறுபது பிள்ளைகளையும் ஓர் அறைக்குள் வைத்துக்கொண்டு, தொண்டை கட்டிய பிறகும் குரலை உயர்த்தாமல் கதை சொன்ன பெரிய டீச்சர்தான் நினைவுக்கு வந்தார். அன்று மாலை பஸ்ஸில் அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி நம்பிக்கைக்கு வருகிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை மத்தியானச் சோறு உண்டதும் தூங்கிவிடுவாள். நோட்டு அதையும் காட்டிக்கொடுத்தது. ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அம்மாவின் மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை பீடியின் தலையை மடக்கிக்கொண்டிருந்தாள். “ராத்திரி பத்து மணி வரைக்கும் மடக்கித் தருவா டீச்சர். அவ கை இல்லன்னா எனக்கு ஆயிரம் தேறாது” என்றார் அம்மா. பீடித் தொழிலில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு அதே சட்டம் அப்போது விலக்கும் கொடுத்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து சட்டம் பேசினால் அந்தப் பெண்ணின் ஆயிரம் பீடிக்கு யார் பதில் சொல்வது? என்னால் முடிந்ததைச் சொன்னேன். மத்தியானம் இருபது நிமிஷம் பாயில் அவளைத் தூங்க விடுகிறேன், நீங்கள் எட்டரை மணிக்குப் படுக்க விடுங்கள் என்றேன். அவர் யோசித்தார். “ஒன்பது” என்றார். ஒப்புக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் அந்தப் பழைய வாக்கியம் வந்தது. தமிழ்நாட்டில் ஆசிரியராக இருந்த எல்லோரும் கேட்டது. “படிக்கலன்னா கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்.”

“தோலும் அவளுக்கு வேணும்லா” என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: “அடிக்காம எப்படி டீச்சர் பிள்ள படிக்கும்?”

அந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்திருக்கிறேன். ஓர் ஏழைத் தாய் தன் பிள்ளையை இன்னொருத்தியிடம் ஒப்படைக்கிறாள். ஒப்படைப்பதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சொல் அடிப்பதற்கான அனுமதிதான். இவள் உன் பொறுப்பு, உன்னை நம்புகிறேன் என்பதைத்தான் தோலை உரி என்கிறாள். அந்தச் சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? அவளைத் தன் பொறுப்பு என்று சொல்லிக்கொண்ட அப்பா, அண்ணன், புருஷன். பொறுப்பும் அடியும் ஒரே கையிலிருந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. 2010 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் பிரம்பைப் பிடுங்கிப் போடலாம். பிரம்பு இருந்த இடத்தில் என்ன வைப்பது என்பதை ஆசிரியைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாங்கள் வைத்தது ஓர் ஆர்லிக்ஸ் பாட்டில். அதில் இருபது பென்சில். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மணி அடித்ததும் திரும்பப் போட வேண்டும். பெயர் எழுத மாட்டோம், எண்ணிக்கை கேட்க மாட்டோம். முதல் வாரக் கடைசியில் பதினொன்று இருந்தது. திங்கள்கிழமை ஒன்பது பென்சில் வாங்கிப் போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் பதின்மூன்று. மறுபடி இருபதாக்கினேன். புரட்டாசி முடிவதற்குள் குறைவது நின்றுவிட்டது. சில நாள் இருபத்தொன்று இருக்கும்.

பிள்ளைகள் திடீரென்று நல்லவர்களாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. நாளைக்கும் பாட்டிலில் பென்சில் இருக்கும் என்று உறுதியாகத் தெரியாத வரையில் இன்று கையில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். ரேஷன் கடை வரிசையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். நாளைக்கும் இருக்கும் என்று ஆகிவிட்டால் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை. பிள்ளை என்னை நம்ப வேண்டுமானால் என்னுடைய திங்கள்கிழமைகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதனால் முடியாததைச் சொல்வதை நிறுத்தினேன். ‘நாளைக்குக் கொண்டாறேன்’ என்று சொன்னால் கொண்டுபோனேன். முடியாது என்றால் முடியாது என்றே சொன்னேன். அந்தப் பீடி சுற்றும் அம்மா இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பள்ளி வாசலில் நின்று, “எங்க வீட்ல இப்ப யாரு பேச்சுக்கும் மதிப்பில்ல, டீச்சர் சொன்னாவனா சரிங்கா” என்று புகார் சொல்வதுபோலச் சொன்னார். நான் பதில் சொல்லாமல் விட்டிருந்த கேள்விக்கு அவரே பதிலைக் கொண்டுவந்திருந்தார்.

பெண் எழுத்தாளர் பெல் ஹூக்ஸ், கெண்டக்கியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்தவர். அங்கே ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பிள்ளையின் பெற்றோரையும் வீட்டையும் அவள் போகும் தேவாலயத்தையும் அறிந்திருந்தார்கள் என்றும், அந்தப் பள்ளியில் படிப்பதே ஆனந்தமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஒதுக்கப்பட்டவர்களின் பள்ளியில் பிள்ளையை அறிவது என்பது அரசியல் செயல் என்று அவர் வழியாகத்தான் புரிந்துகொண்டேன். வடகரைத் திண்ணைகளில் உட்கார்ந்த என் சாயங்காலங்களுக்கு அவர் ஒரு பெயர் கொடுத்தார்.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கம் உண்டு. நம்புகிற பிள்ளை ஒருநாள் உங்களிடம் எதையாவது சொல்லும்.

எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்று எழுத மாட்டேன். ஒரு பெண்பிள்ளை எல்லோரும் போன பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “டீச்சர், ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

பெரிய டீச்சர் இதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்: பிள்ளை ரகசியம் சொல்ல வந்தால் சத்தியம் மட்டும் செய்துவிடாதீர்கள். செய்தால் ஒன்று சத்தியத்தை உடைப்பீர்கள், இல்லாவிட்டால் பிள்ளையைக் கைவிடுவீர்கள். ஆகவே சொன்னேன்: “சத்தியம் பண்ண மாட்டேன் தாயி. உனக்கு உதவி வேணும்னா அதச் செய்யக்கூடிய ஆள்ட்ட சொல்லுவேன். யார்ட்ட சொல்லுதேன்னு மொதல்ல உன்ட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

உறவினன் ஒருவன். அவ்வளவு போதும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்கிறது அது. 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைக்கிறோம். ஆனால் சுவரில் உள்ள எண்ணுக்கும் தூணைப் பிடித்து நிற்கும் பிள்ளைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. ‘குடும்ப மானம்’, ‘பொம்பளப் பிள்ளை பேரு கெட்டுரும்’, ‘நாளைக்கு யாரு கட்டுவா’ என்று வருகிற எல்லா வார்த்தைகளையும் அந்த ஆள் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். கனிவான தாய் என்ற வேஷத்தில் அங்கே நிற்க முடியாது. அந்த வேஷத்தில் இருப்பவளிடம் வீடு எதிர்பார்ப்பது, மூடி மறைப்பதற்கு உதவுவதைத்தான். “நீங்களும் ஒரு அம்மாதான டீச்சர், நீங்களே சொல்லுங்க” என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். “நான் இவ டீச்சர்” என்றேன். அந்த ஒரு சொல்தான் அன்று எனக்குக் காலூன்ற இடம் தந்தது. டீச்சருக்குச் சட்டம் ஒரு கடமையைத் தந்திருக்கிறது, அந்தக் கடமையில் குடும்பத்தின் மானத்துக்கு இடமில்லை. பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகே சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம். அவள் இன்று நன்றாக இருக்கிறாள். அதற்கு மேல் சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு.

‘சொன்னோம்’ என்றேன். என்னோடு இன்னொருத்தி இருந்தாள். பிள்ளைகளின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியதால் 2010-இல் எங்கள் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியையாக வந்தவள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். தன் கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பதவி, ஒரே பாய். ஆனால் தமிழ்நாட்டில் 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் ஆகிவிட்டது. வித்தியாசம் 3,170 ரூபாய். ஒருநாள் முன்னும் பின்னும் சேர்ந்ததற்கு ஆயுள் முழுக்க விலை. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அந்த ஆசிரியர்கள் சென்னையில் திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் இருந்தார்கள். 2018 டிசம்பரிலும், 2022 டிசம்பரிலும் கல்வித் துறை வளாகத்தில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்த பெண்களின் படங்களைப் பத்திரிகையில் பார்த்தோம். அப்போது என் காதில் விழுந்த விமர்சனம் ஒன்று: “பிள்ளைகளை விட்டுட்டு வந்து காசுக்காக ரோட்டுல உக்காந்திருக்காங்க.” எந்தப் பிள்ளைகளை என்று கேட்கத் தோன்றியது. வகுப்பில் உள்ளதையா, மடியில் உள்ளதையா? இன்னொரு தாய் என்று மேடையில் சொன்ன அதே வாய், அவள் கூலி கேட்டதும் இப்படிப் பேசுகிறது.

இந்தத் தொழிலுக்குப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிஸ்டர் சுப்புலட்சுமி 1886-இல் பிறந்தவர், குழந்தை விதவை. 1911-இல் பட்டம் பெற்றார். பிறகு சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தன்னைப் போன்ற சிறுமிகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவர்களில் பலர் ஆசிரியைகளானார்கள். சமூகம் மூலையில் உட்கார வைத்த பெண்ணுக்கு ஆசிரியை வேலைதான் வாசலைத் திறந்தது. 1939-இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் கதை வேறு விதம். 1898-இல் திருமணம் ஆகாமலே பிறந்த தன் மகன் மரியோவைப் பிறர் வீட்டில் வளர விட்டுத்தான் அவர் தன் வேலையைத் தொடர முடிந்தது. குழந்தைகளைப் புரிந்துகொள்ள உலகுக்கே கற்றுக்கொடுத்தவர், தன் குழந்தையைப் பல ஆண்டுகள் தன் மகன் என்று சொல்ல முடியாமல் இருந்தார். ஒருவர் தாயாக விடப்படாமல் ஆசிரியை ஆனார், மற்றவர் தாய்மையை மறைத்து ஆசிரியையாக நீடித்தார். இருவரும் ஊருக்குத் தந்தது தாய்மையை என்று சொன்னால் அவர்கள் கொடுத்த விலை மறைந்துவிடும். அவர்கள் தந்தது அறிவும் முறையும் உழைப்பும்.

நம் மரபிலேயே இதற்கு ஒரு சொல் உண்டு. அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பெறுவது வேறு, வளர்ப்பது வேறு என்று பழந்தமிழருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தலைவி காதலனோடு போய்விட்டால் பாலைவழியில் தேடிப் போகிறவள் செவிலி. வழியில் வருவோரிடம் விசாரிக்கிறவள் அவள். தலைவியின் தோழியே செவிலியின் மகள்தான் என்கிறது தொல்காப்பியம். ஆக, அவளுக்கும் பெற்ற மகள் உண்டு. ஆனாலும் பாடல்களில் அவளுடைய கவலை எல்லாம் வளர்த்த மகளைப் பற்றியதாகவே இருக்கிறது. அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததா, களைப்பு இருந்ததா? முனைவர் பட்டத்துக்கு நான் செவிலியை எடுத்துக்கொண்டதற்கு இந்தக் கேள்விதான் காரணம். பள்ளி முடிந்து வடகரையிலிருந்து தென்காசி திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கை கிடைத்தால், அந்தப் பாடல்களைப் படித்தேன். கேள்வி நூலகத்திலிருந்து வரவில்லை, பாயிலிருந்து வந்தது.

2014-இல் கல்லூரிக்கு வந்தபோது எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். “அப்பாடா, வளந்துட்டீங்க” என்றார் ஒருவர். சின்னப் பிள்ளைகளிடமிருந்து பெரிய பிள்ளைகளிடம் போவது வளர்ச்சி என்று நம் சமூகம் நினைக்கிறது. சம்பளம் அப்படித்தான் இருக்கிறது, மரியாதையும் அப்படித்தான். ஆண்கள் அதிகமுள்ள இடத்துக்குப் போவதும் வளர்ச்சிதான். எனக்கு நடந்த வளர்ச்சி வேறு என்று நினைக்கிறேன். குணச்சொல் இல்லாமல் ஒரு மனுஷியைப் பார்க்க முடிகிறது. முடியாததை முடியாது என்று சொல்ல முடிகிறது. “நீங்களும் ஒரு அம்மாதான” என்று யாராவது தொடங்கினால், அதற்குப் பின்னால் என்ன கேட்கப்போகிறார்கள் என்று காது முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்று பேசாமல் இருந்தால் அவள் எந்தக் காலில் எடையைச் சாய்த்து நிற்கிறாள் என்று பார்க்கிறேன். இவை எல்லாம் வடகரையில் கற்றவை.

அந்த மூன்றாவது ஆசிரியை இன்றும் தொடக்கப் பள்ளியில்தான் இருக்கிறாள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கும் வந்தது. “அக்கா, இப்ப முதல் பீரியட்ல யாரும் வயித்தப் பிடிச்சிட்டு உக்காரல. நான் நிம்மதியா பாடம் நடத்துதேன்” என்றாள் போனில். முன்பெல்லாம் எங்கள் கைப்பையில் ரொட்டிப் பாக்கெட் இருக்கும். அதைக் கனிவு என்று ஊர் புகழ்ந்தது. உப்புமாவும் பொங்கலும் அரசின் பொறுப்பானதும் அவளுடைய கனிவு குறைந்துவிடவில்லை, எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குத் திரும்பியது. அந்த உப்புமாவைச் சமைக்க விடியும் முன்னே எழுகிற சுய உதவிக் குழுப் பெண்களுக்கும் நாம் தாய் என்று பெயர் வைத்துவிடாமல், அவர்கள் கைக்கு என்ன கூலி வருகிறது என்று கேட்க வேண்டும்.

என் வகுப்பு மாணவிகளில் சிலர் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். “குழந்தைகளைப் பிடிக்குமா என்று கேட்டால் என்ன சொல்வது மேடம்?” என்று கேட்கிறார்கள். பிடிக்கும் என்று சொல்லுங்கள், தப்பில்லை. அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண் ஆசிரியைக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும் போக வகுப்புக்கு எத்தனை நாள் மிஞ்சும் என்று நீங்களும் கேளுங்கள். பிள்ளையிடம் நீங்கள் எவ்வளவு பொறுமையாக இருப்பீர்கள் என்பது அந்தப் பதில்களில்தான் இருக்கிறது. யாராவது உங்களை இன்னொரு தாய் என்று புகழ்ந்தால் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லுங்கள். பிறகு, டீச்சர் என்றால் போதும் என்று சொல்லுங்கள்.